யாரும் போடாத எண்

பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் எழுதிக்கொண்டே போவது மனிதனால் ஆகாத காரியம். தாளை எடுத்து உட்கார்ந்தால் முதல் இரண்டு வரி தடையில்லாமல் ஓடும். பிறகு கை தயங்கத் தொடங்கும். நான்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு நான்கைப் போட மனம் வராது. ஏழு வந்து வெகுநேரமாயிற்றே என்று தோன்றும்; ஓர் ஏழைக் கொண்டுவந்து வைப்போம். பந்தியில் யாருக்கும் குறை வந்துவிடக் கூடாதென்று இலைக்கு இலை பார்த்துப் பரிமாறுகிறவரின் நியாயம் கைக்குள் புகுந்துகொள்ளும். புள்ளியியல் ஆசிரியர்கள் வகுப்பில் இதை ஒரு சோதனையாகவே நடத்துவதுண்டு. பாதி மாணவர்கள் காசை உண்மையிலேயே 200 முறை சுண்டி, பூவா தலையா என்று எழுதிவர வேண்டும். மீதிப் பேர் சுண்டாமல் மனத்திலிருந்தே இட்டுக்கட்டி எழுத வேண்டும். தாள்களைப் பார்த்ததும் எது எந்த வகை என்று ஆசிரியர் அநேகமாகப் பிரித்துவிடுவார். உண்மையில் சுண்டியதில் எங்காவது ஓரிடத்தில் ஒரே பக்கம் ஆறு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுந்திருக்கும். இட்டுக்கட்டியவர்களுக்கு அந்தத் துணிச்சல் வருவதில்லை. இந்த இயலாமை என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. நம்மால் செய்யவே முடியாத ஒன்றை நாணயமும் தாயக்கட்டையும் மழைத்துளியும் எந்த முயற்சியும் இன்றிச் செய்துகொண்டிருக்கின்றன என்று எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம் என்பதே உறுத்துகிறது. அவை உண்மையிலேயே அதைச் செய்கின்றனவா? அல்லது நாம் போடாத ஒன்றை யாருமே போடவில்லை என்று எடுத்துக்கொள்கிறோமா?

1955-இல் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் பத்து லட்சம் இலக்கங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வெளியிட்டது. அந்த இலக்கங்கள் 400 பக்கங்களுக்கு ஓடுகின்றன. பக்கத்துக்கு 50 வரி, வரிக்கு 50 இலக்கம், ஐந்தைந்தாகப் பிரித்து அடுக்கியவை. முன்னுரையைத் தாண்டினால் வாசிக்க ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கண் சும்மா இருப்பதில்லை. ஓரிடத்தில் மூன்று ஒன்பதுகள் சேர்ந்து நின்றால் அங்கே ஏதோ நடந்துவிட்டதாகப் படுகிறது. ஒரு வரி முழுக்க இரண்டே வராவிட்டால் அந்த இரண்டு எங்கே போயிற்று என்று தேடுகிறது. இலக்கங்களை உண்டாக்கிய கருவியை மின்னணு ரூலெட் சக்கரம் என்றார்கள். நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் ஒழுங்கற்ற மின்துடிப்புகளை எண்ணி, நொடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைத் தரும் இயந்திரம் அது. 1947-இல் அது ஓடத் தொடங்கிய பிறகு, வந்த எண்களைச் சோதித்துப் பார்த்தபோது மெல்லிய சாய்வு ஒன்று தென்பட்டது. சுற்றுகளைச் சரிசெய்தார்கள். நாளாக ஆகச் சாய்வு திரும்பவும் தலைகாட்டியது. கடைசியில் துளை அட்டைகளில் பதிந்திருந்த இலக்கங்களை ஒன்றோடொன்று கூட்டி, கூட்டலின் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அச்சானவை இப்படிக் கலக்கப்பட்ட இலக்கங்களே. தற்செயலாக வந்ததைத் திருத்துவது என்றால் என்ன என்று நான் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்து லட்சம் இடங்களிலும் பூஜ்யமே விழுந்திருந்தால்? எண்கள் உண்மையிலேயே தற்செயல் என்றால் அந்த அட்டவணை விழுவதற்கான வாய்ப்பும், அச்சான இந்த அட்டவணை விழுந்ததற்கான வாய்ப்பும் ஒன்றே. ஆனால் பூஜ்யங்கள் வந்திருந்தால் ஒருவரும் அச்சுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். இயந்திரம் பழுதென்று மூடி வைத்திருப்பார்கள். அதில் தவறும் இல்லை. ஆக நம் கைக்கு வந்திருப்பது ஒருவர் பார்த்து, இது தற்செயல்போல் இருக்கிறது என்று தலையசைத்த அட்டவணை.

இந்தக் கேள்வியை என்னைவிடச் சுருக்கமாகக் கேட்டவர் காவிரிப் படுகையின் கடைமடையில் ஒரு விவசாயி. பயிர் அறுவடைப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு கிராமத்தில் நெல் எவ்வளவு விளைந்தது என்பதை எல்லா வயலையும் அறுத்து எடைபோட்டுச் சொல்ல முடியாது. ஆகவே சில வயல்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு நிலத்தை அறுத்து எடைபோடுகிறார்கள். எந்தச் சர்வே நம்பர் என்பதற்கு ஓர் எண். அந்த வயலுக்குள் எங்கே கயிறு கட்டுவது என்பதற்கு இன்னும் இரண்டு எண்கள். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாக்கில் இத்தனை, அகலவாக்கில் இத்தனை என்று அளந்துபோய் முதல் முளைக்குச்சியை அடிக்க வேண்டும். அன்றைக்கு அலுவலர் கன்னி மூலையில் நின்று எண்ணிக்கொண்டு நடந்தார். முளை அடித்த இடம் வயலிலேயே கொஞ்சம் மேடு. கதிர்கள் நிமிர்ந்து நின்றன, தாள் காய்ந்து சலசலத்தது. இருபது அடி தள்ளிப் பள்ளத்தில் ஐப்பசி மழை நின்று வடிந்த சேறு இன்னும் நாறிக்கொண்டிருந்தது. அங்கே பயிர் சாய்ந்து, கதிர் முளைவிட்டுக் கிடந்தது. காப்பீட்டுத் தொகை கிராமத்துக்கு வருமா வராதா என்பது இப்படிச் சில கயிறுகளுக்குள் விழும் நெல்லைப் பொறுத்தது. வயல்காரர் கோபப்படவில்லை. "ஏங்க, இந்த நம்பர யாருங்க போட்டது?" என்று கேட்டார். "யாரும் போடலைங்க. அதுவா வர்றது" என்றார் அலுவலர். "அதுவா எப்புடிங்க வரும்?" அலுவலரிடம் பதில் இல்லை, அவரிடம் இருக்க வேண்டியதும் இல்லை. இந்த முறையை 1940-களில் இந்தியாவில் வேரூன்றச் செய்த பி.வி. சுகாத்மேயும், வங்காளத்தில் சணல் சாகுபடியை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்ட மகலனோபிசும் துண்டு நிலத்தின் அளவைப் பற்றிக் கடுமையாக மோதிக்கொண்டவர்கள். துண்டு சிறிதாக இருந்தால் கயிற்றின் விளிம்பில் நிற்கும் பயிரை அறுப்பவர் உள்ளே சேர்த்துக்கொண்டுவிடுகிறார், விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது என்பது சுகாத்மே காட்டிய கணக்கு. எண் எவ்வளவு சுத்தமாக வந்திருந்தாலும், கயிற்றின் ஓரத்தில் ஒரு தூரை உள்ளே இழுப்பதா வெளியே தள்ளுவதா என்ற இடத்தில் கை வந்துவிடுகிறது.

அதுவா எப்புடிங்க வரும்? பொதுவாக நாம் வைத்திருக்கும் பதில், குலுக்கினால் வரும் என்பது. 1969 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு ஆளெடுக்கும் வரிசையை நிர்ணயிக்கக் குலுக்கல் நடந்தது. வருடத்தின் 366 தேதிகளும் நீலநிறப் பிளாஸ்டிக் குப்பிகளுக்குள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அன்று பிறந்த இளைஞர்கள் முதலில் போக வேண்டும். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. முடிந்த பிறகு கணக்குப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகள் வரிசையின் முன்பாதியில் வந்திருந்தன. குப்பிகளை மாதவாரியாகப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்: முதலில் ஜனவரி, பிறகு பிப்ரவரியைச் சேர்த்துக் கலக்கி, பிறகு மார்ச். ஜனவரி பலமுறை கலங்கியது. டிசம்பர் கடைசியாக வந்து மேலாகவே கிடந்தது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் டிசம்பர்ப் பிள்ளைகளைப் பகைக்கவில்லை. கை போதுமான அளவு குலுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் குலுக்கலின்படி 195-ஆம் எண் வரை அழைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு தேதிகளுக்கு ஒரு உருளை, எண்களுக்கு ஒரு உருளை என்று இரண்டாக வைத்து, குப்பிகளை உள்ளே போடும் வரிசையையும் சமவாய்ப்பு அட்டவணைகளைக் கொண்டு தீர்மானித்தார்கள். எதிலிருந்து தற்செயல் பிறக்க வேண்டுமோ அதற்குள் முன்பே கொஞ்சம் தற்செயலைப் போட்டுவைக்க வேண்டியிருந்தது. காசும் அப்படித்தான். பெர்சி டயகோனிசும் கூட்டாளிகளும் 2007-இல் சுண்டிய காசின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து, மேலே எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே விழ வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்றார்கள். பிறகு 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை சுண்டிப் பார்த்தார்கள்; 50.8 சதவீதம், தொடங்கிய பக்கமே விழுந்தது. கட்டைவிரலின் விசையையும் காற்றையும் அறிந்தவருக்குக் காசு சுண்டுவது கூட்டல் கழித்தல் போல ஒரு கணக்கு. மகாபாரதத்தின் வன பருவத்தில் நளனுக்குத் தேரோட்டும்போது நேர்ந்ததும் இதுவே. தான்றிமரம் ஒன்றைக் கடந்து போகையில் தேரிலிருந்த அரசன் இருதுபன்னன் அதன் இரண்டு கிளைகளில் உள்ள இலைகளையும் காய்களையும் எண்ணாமலேயே சொல்கிறான்: காய்கள் 2,095. நளன் தேரை நிறுத்தி, மரத்தை வெட்டிச் சாய்த்து எண்ணுகிறான், சரியாக இருக்கிறது. அந்தத் தான்றிக்காய்களே சூதாட்டக் காய்கள். சூதின் இருதயத்தை அறிந்த இருதுபன்னனுக்குக் காய் எப்படி விழும் என்பதில் மர்மம் இல்லை. நாட்டை இழந்த நளனுக்கு மட்டுமே அது விதி. அந்த வித்தை நளனுக்குக் கைவந்த கணத்தில், அவனைப் பிடித்திருந்த கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறான். ஒருவனுக்குத் தற்செயலாக இருப்பது இன்னொருவனுக்குக் கல்வியாக இருக்கிறது.

இரண்டு கணக்குகள் என் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. முதலாவது, 1910-இல் ரூதர்ஃபோர்டும் கைகரும் வெளியிட்டது. பொலோனியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் துத்தநாக சல்ஃபைடு திரையில் பட்டுச் சிறு மின்னலாகத் தெரியும். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொரு மின்னலாக எண்ண வேண்டும். ஏழரை நொடி கொண்ட 2,608 இடைவெளிகளில் 10,097 துகள்கள். ஒன்றுகூட வராத இடைவெளிகள் 57. இரண்டாவது கணக்கு, இரண்டாம் உலகப் போரில் தெற்கு லண்டன்மீது ஜெர்மனி ஏவிய பறக்கும் குண்டுகள் பற்றியது; அதை ஆர்.டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்காளர் 1946-இல் வெளியிட்டார். நிலத்தைக் கால் சதுர கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பிரித்தார்; குண்டுகள் 537. ஒரு குண்டும் விழாத கட்டங்கள் 229. இரண்டு கணக்குகளும் ஒரே சூத்திரத்துக்கு, பிரெஞ்சுக் கணிதர் புவாசோனின் பெயரால் வழங்கும் சூத்திரத்துக்கு, வியக்கும்படி பொருந்துகின்றன. ஜெர்மானியர்கள் சில தெருக்களைக் குறிவைக்கிறார்கள், சில தெருக்களை விட்டுவைக்கிறார்கள் என்று லண்டன்வாசிகள் நம்பியிருந்தார்கள். அந்தக் குவிதல் எந்தக் குறியும் இல்லாமலே வரக்கூடியது என்று கிளார்க்கின் கணக்கு சொன்னது. ஆனால் எனக்குத் தூக்கம் கெடுவது வேறிடத்தில். ஒவ்வொரு குண்டையும் ஒருவர் ஏவினார். எரிபொருள் நிரப்பினார், திசையைப் பொருத்தினார், லண்டன் என்ற ஊரைக் கொல்ல வேண்டும் என்று எண்ணி அனுப்பினார். பொலோனிய அணுவை யாரும் ஏவவில்லை. எண்களை மட்டும் பார்த்து, எது கொலைநோக்கோடு அனுப்பப்பட்டது, எது யாரும் அனுப்பாமல் வந்தது என்று சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது. விளைவு எதற்கும் சாட்சி சொல்வதில்லை.

இது என் மனப்பாரத்தில் சொல்வதல்ல. கணிதமே இதை ஒரு தேற்றமாகச் சொல்லியிருக்கிறது. 1960-களில் கோல்மோகோரோவும் சாய்ட்டினும் தனித்தனியே ஒரு வரையறைக்கு வந்தார்கள். ஓர் எண்வரிசையை அதைவிடச் சுருக்கமான எந்தக் கட்டளையாலும் உண்டாக்க முடியாதென்றால் அது தற்செயல் வரிசை. பை எண்ணின் முதல் பத்து லட்சம் இலக்கங்கள் பார்வைக்கு எந்த ஒழுங்கும் அற்றவை, புள்ளியியல் சோதனைகளில் தேறுகின்றன. ஆனால் சில வரி நிரல் போதும், அவ்வளவையும் கொட்டிவிடும். ஆகவே அவை தற்செயல் ஆகா. அழகான வரையறை. இந்த வரையறைப்படி அநேகமாக எல்லா வரிசைகளுமே தற்செயல் வரிசைகள். பத்து பிட்டுக்கு மேல் சுருங்கக்கூடியவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. கூடவே வருகிறது இன்னொரு முடிவு: நாம் எந்தக் கணித அடிப்படைகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றில் முரண் இல்லாதவரை, ஓர் அளவுக்கு மேல் நீண்ட எந்த ஒரு குறிப்பிட்ட வரிசையையும் சுட்டி இது சுருங்காதது என்று நிரூபிக்க முடியாது. எங்கும் நிறைந்திருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில்கூடக் கைவைத்து இதோ என்று காட்ட முடியாது. கடவுளைப் பற்றி நம் பாட்டன்மார் பேசியதற்கு இத்தனை நெருக்கமாக ஒரு கணிதத் தேற்றம் வந்து நிற்பதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இந்த இயலாமையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் மோசடிக்காரர்கள். 1980-இல் பென்சில்வேனியாவின் லாட்டரியில் 4-உம் 6-உம் தவிர மற்றப் பந்துகளுக்குள் சாயம் ஏற்றிக் கனமாக்கினார்கள், 666 வந்தது. அது பச்சையான மோசடி, பிடிபட்டது. அதைவிட அச்சமூட்டுவது, அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் பொதுவான லாட்டரி அமைப்பில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவரே எண் உண்டாக்கும் நிரலில் செய்த வேலை. வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும், முன்கூட்டியே கணிக்கக்கூடிய எண்களை அது தரும். மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடும். அவர் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த எண்களை எத்தனை முறை சோதித்தாலும் குற்றம் எண்களில் தெரிந்திருக்காது. எண்களைப் போட்ட வழியில் இருந்தது.

வழியைத்தான் பார்க்க வேண்டும் என்பதைப் பத்தாம் நூற்றாண்டுச் சபை ஒன்று எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு மரியாதை கூடுகிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை என்றதும் பள்ளிப் பாடம் நினைவுக்கு வரும். கல்வெட்டு சொல்லும் நடைமுறை அந்தப் பாடத்தைவிட நுணுக்கமானது. ஊர்ப் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் இடுகிறார்கள். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து, மேல்நோக்கியபடி, எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். காரியம் இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாசிக்க வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே வாசிக்க வேண்டும். அப்புறமே பெயர் எழுதப்படும். ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னவர் விரலிடுக்கில் இன்னொரு ஓலை ஒளிந்திருந்ததை ஒருநாள் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அந்த ஒரு விதியில் ஒரு ஊரின் பட்டறிவு முழுவதும் இருக்கிறது. சிறுவன் உலகெங்கும் வருகிறான். வெனிஸ் குடியரசு 1268-லிருந்து தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த நீண்ட சுற்றுகளில் பந்தை எடுத்தது ஒரு சிறுவன். ஸ்பெயினில் 1771 முதல் லாட்டரி எண்களைப் பாடுபவர்கள் சான் இல்டெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள். நம் ஊர்களில் பூக்கட்டிப் பார்க்கும்போது, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சந்நிதியில் போட்டுவிட்டு, எங்கேயோ விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறோம். பெரியவர்கள் எடுத்தால் சாமி சொன்னதாக ஆகாது. குழந்தையின் கை அறியாத கை. ஆனால் உத்திரமேரூர்க் குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதைக் குழந்தை தீர்மானிக்கவில்லை: இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். உழுதவர்களின் பெயரும் பெண்களின் பெயரும் அந்தக் குடத்தைப் பார்க்கவில்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் குடத்தை நிரப்பிய கை அதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடுகிறது. வயலில் கயிறு கட்டும் எண்ணைக் குறைந்தபட்சம் அந்தக் கிராமத்தின் கண்முன்னால் எடுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு முடிந்தது இன்றைக்கு முடியாததில்லை.

இனி அணு. காசையும் குடத்தையும் போல அறியாமையால் தற்செயலாகத் தெரியும் பொருளா அதுவும்? அணு மூப்படைவதில்லை என்பதை நான் முதலில் கேட்டபோது சரியாக உள்வாங்கிக்கொள்ளவில்லை. ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டுகள் என்றால், ஒரு கைப்பிடி ரேடியத்தில் அத்தனை ஆண்டில் பாதி சிதைந்துவிடும். ஆனால் 1,600 ஆண்டு சிதையாமல் இருந்த அணு, நேற்றுப் பிறந்த அணுவைவிடச் சாவுக்கு ஒரு நொடிகூட நெருங்கியிருக்கவில்லை. உள்ளே தேய்வதற்கு ஒன்றுமில்லை, கெட்டுக்கொண்டே வருவதும் ஒன்றுமில்லை. மனிதர்களிலும் மாடுகளிலும் மரங்களிலும் நாம் கண்டது எதுவும் இப்படிச் சாவதில்லை. அந்த அணு இன்றைக்கு ஏன் சிதைந்தது, நாளைக்கு ஏன் இல்லை? காரணம் எங்கோ ஒளிந்திருக்கிறது, நம் கண்ணுக்குப் படவில்லை என்று ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அதைச் சோதித்துப் பார்க்க 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் ஒரு வழி கண்டார். ஒன்றாகப் பிறந்து விலகிச் சென்ற இரண்டு துகள்களிடம் தனித்தனியே, வெவ்வேறு கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். விடைகள் முன்பே உள்ளே எழுதி வைக்கப்பட்டிருந்து, ஒன்றின் செய்தி மற்றதற்கு ஒளியைவிட வேகமாக எட்டவும் முடியாதென்றால், அவற்றின் ஒத்துப்போக்கு ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது. 1982-இல் பாரிஸுக்கு அருகே ஆஸ்பேயின் சோதனையில், 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் தள்ளி வைத்த வைரங்களில்; அதற்கப்புறமும் பல இடங்களில். 2010-இல் ஒரு குழு இதிலிருந்தே சான்று பெற்ற தற்செயல் எண்களை எடுத்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு இட்டெர்பியம் அயனிகளை வைத்து, ஏறக்குறைய ஒரு மாதம் பரிசோதனை நடத்தி அவர்களுக்குக் கிடைத்தது 42 பிட். இந்த 42-ஐ நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு மாத உழைப்பில் ஒரு வரிகூட நிரம்பாத பூஜ்யங்களும் ஒன்றுகளும். ஆனால் இவற்றை யாரும் முன்னால் அறிந்திருக்க முடியாது என்று முதன்முதலாகப் பொறுப்போடு சொல்ல முடிந்த பூஜ்யங்களும் ஒன்றுகளும்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. துகள்களிடம் கேட்கும் கேள்வியைத் தேர்வதும் தற்செயலாக இருக்க வேண்டும்; கேள்வி முன்கூட்டியே துகளுக்குத் தெரிந்திருந்தால் எல்லாம் வீண். தற்செயலைப் பெறுவதற்குக் கொஞ்சம் தற்செயல் முதலாகப் போட வேண்டும் என்ற அந்த வாஷிங்டன் உருளை இங்கேயும் வந்து நிற்கிறது. 2016 நவம்பர் 30 அன்று உலகெங்கும் சுமார் ஒரு லட்சம் பேர் கணினியிலும் கைபேசியிலும் பூஜ்யம், ஒன்று என்று தட்டித் தள்ளினார்கள். 9 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டு, கேள்விகளைத் தேர்ந்தெடுத்தன. ஒழுங்கில்லாமல் எழுதத் தெரியாத மனிதக் கைகளே இந்தச் சோதனைக்கு விதைநெல்லைக் கொடுத்தன. எல்லை அப்போதும் தாண்டப்பட்டது. 2018-இல் இன்னொரு குழு, மனிதக் கையும் வேண்டாமென்று, லா பால்மா தீவின் தொலைநோக்கிகளில் இரண்டு குவாசர்களின் ஒளியைப் பிடித்து அதன் நிற ஏற்ற இறக்கத்தால் கேள்விகளைத் தீர்மானித்தது. ஒன்றின் ஒளி 780 கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்டது, மற்றது 1,220 கோடி ஆண்டுக்கு முன். நம் சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி. இன்னமும் யாரோ போட்டுவைத்த எண்தான் அது என்று சொல்ல விரும்புகிறவர், சூரியன் உண்டாவதற்கு வெகுகாலம் முன்பே கேள்வியும் விடையும் சேர்த்துச் சதி செய்யப்பட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் இயற்பியலாளர்களும் இருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற ஜெரார்டு ட் ஹூஃப்ட் அவர்களில் ஒருவர். அவர்களைத் தர்க்கத்தால் தோற்கடிக்க முடியாது. ஆனாலும் நான் அவர்கள் பக்கம் போகமாட்டேன். அப்படி ஓர் உலகில் எந்தப் பரிசோதனையும் எதையும் கற்றுத்தராது. மருந்தையும் வெறும் மாத்திரையையும் சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண மருத்துவ ஆய்வுகூடப் பொருளற்றுப் போகும். என்னைத் தடுத்து நிறுத்துவது வேறொரு மறுப்பு. 1952-இல் டேவிட் போம் காட்டிய வழியில் துகள்களுக்கு எப்போதும் திட்டமான இடமும் பாதையும் உண்டு, எதுவும் தற்செயல் இல்லை. பெல் கண்ட எல்லையை அது தாண்டவும் செய்கிறது, ஏனென்றால் அங்கே ஒரு மூலையில் நடப்பது மறுமூலையை அந்தக் கணமே தொடுகிறது. ஆனால் அந்த இடங்களைத் துல்லியமாக அறிந்து அடுத்த எண்ணை முன்கூட்டிச் சொல்ல, உலகுக்குள் வாழும் எவருக்கும் வழி கிடையாது. யாரும் போடவில்லை என்பதும், போட்டிருந்தாலும் எவராலும் அறிய முடியாது என்பதும் ஒன்றல்ல. பரிசோதனை நமக்குக் கொடுத்திருப்பது இரண்டாவதை.

கொலராடோ பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனமும் இப்போது பெல் சோதனையைக் கொண்டு தற்செயல் எண்களை உண்டாக்கிப் பொதுவில் வெளியிடுகின்றன. ஒவ்வொரு முறையும் 512 பிட். முதல் 40 நாட்களில் 7,454 முயற்சிகளில் 7,434 வெற்றி பெற்றதாக 2025-இல் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் நான் நெடுநேரம் நின்ற இடம் இயற்பியல் பகுதியன்று. துகள்களிடமிருந்து எண் வந்த பிறகும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு படியும் பதிவாகி, மூன்று தனித்தனி அமைப்புகளின் பதிவேடுகள் ஒன்றோடொன்று பின்னப்பட்டு, ஒருவர் தன் பதிவை மாற்றினால் மற்ற இருவருக்கும் தெரிந்துவிடும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நம்பிமார் அத்தனை பேரும் ஓலையை வாங்கி வாசிப்பதற்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடு இல்லை. அணு யாருக்கும் வேண்டியதல்ல என்று தெரிந்த பின்னும், அணுவுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் கைகளை அவர்கள் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களை நான் நம்புகிறேன், எண்ணியதால் நம்புகிறேன். போமின் வழியை ஏற்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அந்த 512 பிட்டுகளும் எங்கோ தீர்மானமாகிவிட்டவை என்பார் அவர். அவற்றை முன்னால் வாசிக்க அவருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை. எந்தப் பரிசோதனையும் எங்களுக்குள் தீர்ப்புச் சொல்லாது. அப்படியிருந்தும் நாங்கள் ஒரே உலகத்தைப் பற்றிப் பேசவில்லை என்றே ஒவ்வொரு முறையும் எனக்குப் படுகிறது. அந்த வேறுபாடு எதில் இருக்கிறது என்பதை இன்னும் என்னால் எழுத்தில் பிடிக்க முடியவில்லை.